கையடக்கக் கருவியில் தோட்டா மறுநிரப்புதல்: தொடக்கநிலையில் எதை வாங்குவது?

யீசூன் வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் நிறுவனம் என்னைப் பணி விசாவில் ஹூஸ்டன் நகருக்கு அனுப்புகிறது. என் அக்காவும் அத்தானும் அங்கே குடியுரிமை பெற்று நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அத்தானிடம் .38 ஸ்பெஷல் என்ற அளவுத் தோட்டாவைச் சுடும் சுழல்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. கடைத் தோட்டாவின் விலை ஏறிக்கொண்டே போவதால், சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுகளை எறியாமல் ஒரு வாளி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். நான் வந்ததும் இருவருமாக மறுநிரப்பக் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்.

அவர்கள் இருப்பது வாடகை அடுக்ககம் என்பதால், மேசையில் துளையிட்டுப் பொருத்தும் பெரிய பிரஸ்ஸுக்கு (கூடுகளை அழுத்தித் திருத்தும் கருவிக்கு) அங்கே இடமில்லை. எனவே சுத்தியலால் தட்டிப் பயன்படுத்தும் சிறு பெட்டி, இரு கைகளால் அழுத்தும் ஹேண்ட் பிரஸ் ஆகிய இரண்டில் ஒன்றை வாங்க நினைக்கிறோம். இவற்றில் தொடக்கநிலையில் இருப்பவருக்கு எது பொருத்தமானது, அதனுடன் வேறு என்னென்ன வாங்க வேண்டும், பணி முடிந்து திரும்பும்போது அந்தக் கருவியையும் நான் நிரப்பிய சில தோட்டாக்களையும் சிங்கப்பூருக்குக் கொண்டுவர வழியுண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியால் சுட்டதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை.

சுவா சூ காங் உறுப்பினர்

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தோட்டாவைக் கொண்டுவர வழியில்லை. அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். இங்கே உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது சிறைத்தண்டனைக்கும் பிரம்படிக்கும் உரிய குற்றம். 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது இங்கு வளர்ந்த எவருக்கும் தெரியும். 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இந்தப் பிடியைத் தளர்த்தவில்லை. தேசிய சேவையில் சுடுதிடலை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொருவரும் பைகளைத் தட்டிக் காட்டி, உயிருள்ள தோட்டாவோ வெற்றுக் கூடோ தம்மிடம் இல்லை என்று உரக்க அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். புல்லில் விழுந்த கூடுகளைக் கணக்குச் சரியாகும் வரை குனிந்து பொறுக்கியதும் அந்த ஒழுங்கின் பகுதிதான். நினைவுப் பொருளாக ஒரே ஒரு வெற்றுக் கூட்டைக்கூடப் பயணப் பெட்டியில் போடாதீர்கள். வெறும் இரும்புக் கருவியாகவே இருந்தாலும், காவல்துறையின் உரிமப் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்டு, அவர்களுடைய விடை கைக்கு வந்தபின்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

அடுத்து, நீங்கள் கேட்காத, ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேறாதோருக்கான விசாவில் அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. சிங்கப்பூரருக்கென்றே தனி ஒதுக்கீடு உள்ள எச்-1பி1 விசாவும், நிறுவனங்கள் தம் ஊழியரை இடம் மாற்றப் பயன்படுத்தும் எல்-1 விசாவும் இந்த வகையைச் சேர்ந்தவையே. மேலும், அச்சட்டம் தோட்டா என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில் முழுமையான தோட்டா மட்டும் அடங்கவில்லை. வெற்றுக் கூடு, அதன் அடியில் அமர்ந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர், குழாயிலிருந்து பாய்ந்து செல்லும் குண்டு, அதை உந்தும் பவுடர் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாகவே தோட்டா எனக் கருதப்படுகிறது. அத்தானின் வாளியில் கிடக்கும் பித்தளையும் இதில் அடங்கும் என்று பொருள். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. பலரும் அந்த வழியாகத்தான் சட்டத்துக்கு உட்பட்டுச் சுடுகிறார்கள். ஆனால் உங்கள் விசாவுக்கும் சூழலுக்கும் அது பொருந்துமா என்பதை அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறும் வரை, வாளியைத் தொடாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது. இந்த விதியை மீறினால் வேலையும் விசாவும் சேர்ந்தே போய்விடும்.

அத்தானைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப அவருக்குக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. தொழிலாகச் செய்து விற்றால்தான் தயாரிப்பாளர் உரிமம் வேண்டும்.

தெம்பனிசுக்குத் திரும்பியவர்

நான் ஆஸ்டினில் நிரந்தரவாசியாக இருந்த காலத்தில், நீங்கள் சொல்லும் இரண்டு கருவிகளிலும் .38 ஸ்பெஷல் நிரப்பியிருக்கிறேன். சட்டத்தைப் பற்றி மேலே சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. கருவிகளைப் பற்றி எழுதுகிறேன். நிரப்புவது அத்தான், நீங்கள் அருகிலிருந்து கற்பவர் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுத்தியல் பெட்டி என்பது லீ லோடர். ரிச்சர்ட் லீ 1958-இல் விஸ்கான்சினில் தன் வீட்டுப் பட்டறையிலிருந்து தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் ஒரு குழல், சில தண்டுகள், பவுடர் அள்ள ஒரு சிறு கரண்டி, அளவு அட்டை ஆகியவை இருக்கும். விலை நூறு அமெரிக்க டாலருக்குள் அடங்கும். சுட்ட கூட்டின் அடியிலிருந்து பழைய பிரைமரைத் தட்டி எடுப்பது, வெப்பத்திலும் அழுத்தத்திலும் விரிந்த கூட்டைக் குழலுக்குள் அடித்து இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, புதுப் பிரைமரை அமர்த்துவது, பவுடர் இடுவது, குண்டை வைத்து இறக்குவது, கூட்டின் வாயை அதன்மேல் சற்றே மடக்கி இறுக்குவது ஆகிய எல்லா வேலைகளையும் அதுவும் ஒரு மர அல்லது நைலான் சுத்தியலும் செய்துவிடும். உலோகச் சுத்தியல் கூடவே கூடாது. தோட்டா எவ்வாறு உருவாகிறது என்பதைக் கைகளாலேயே புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் அடுக்ககத்தில் இரவு எட்டு மணிக்குச் சுத்தியல் ஓசை எழுந்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அதைவிடப் பெரிய குறை, பிரைமரையும் அடித்தே அமர்த்த வேண்டியிருப்பதால் எப்போதாவது ஒன்று கையிலேயே வெடித்துவிடும் என்பதாகும். கண்ணாடியும் காதுக் காப்பும் அணிந்து, முகத்தைக் குழலுக்கு நேர்மேலே கொண்டுபோகாமல் வேலை செய்பவருக்கு அது பெரும்பாலும் ஒரு திடுக்கிடலோடு போய்விடும். அணியாதவருக்கு அப்படிப் போகும் என்று சொல்ல முடியாது.

ஹேண்ட் பிரஸ் பெரிய பாக்குவெட்டி போன்றது. இரு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்தினால் நடுவிலுள்ள தண்டு கூட்டை மேலே தள்ளி, அதை அளவுக்குக் கொண்டுவரும் உலோக அச்சான டைக்குள் நுழைக்கும். மேசைப் பிரஸ்ஸில் போடும் அதே திருகுமரை டைகளே இதிலும் பொருந்துவதால், பிற்காலத்தில் சொந்த வீடும் மேசையும் அமைந்தால் டைகளுக்காக மீண்டும் செலவு செய்ய வேண்டியதில்லை. ஓசை கிடையாது, நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யலாம். உங்கள் அத்தானுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். டை வாங்கும்போது கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான வளையம் கொண்டதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். .38 ஸ்பெஷல் போன்ற நேர்ச்சுவர்க் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு அதில் எண்ணெய் தடவாமலே அளவு திருத்தலாம். நீண்ட துப்பாக்கிக் கூடுகளை ஹேண்ட் பிரஸ்ஸில் முழு நீளத்துக்கும் திருத்துவது தோள்பட்டையை வருத்தும் வேலை, எண்ணெயும் கட்டாயம். லீ லோடரோ அத்தகைய கூடுகளின் கழுத்தை மட்டுமே திருத்தும் என்பதால், அவற்றை முன்பு சுட்ட அதே துப்பாக்கியில்தான் மீண்டும் பயன்படுத்த வேண்டிவரும்.

வாளியிலுள்ள கூடுகளைப் பிரிக்கும்போது உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அடியின் நடுவில் ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை, எளிதாக நிரப்பலாம். இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் வகை. பழைய பிரைமரைத் தள்ளும் சாதாரணக் கருவியின் ஊசி அதில் முறியும், எனவே ஒதுக்கிவிடுங்கள். வாய்ப்பகுதியில் மயிரிழை விரிசல் தெரியும் கூடுகளையும் ஒதுக்க வேண்டும். .22 கூடுகள் கலந்திருந்தால் அவற்றை மறுநிரப்பவே முடியாது, ஏனெனில் அவற்றின் வெடிமருந்து விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது.

இனி, பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்துக்கு வருகிறேன். கருவி மலிவாக இருக்கலாம். தராசும் அளவுக் கையேடும் அப்படி இருக்கக் கூடாது. .38 ஸ்பெஷல் 1898 வாக்கில் கரும்பவுடருக்காக உருவான கூடு என்பதால் உள்ளே இடம் மிக அதிகம். இன்றைய புகையில்லாப் பவுடரில் தேவையான அளவு அரை கிராமுக்கும் குறைவு. அது கூட்டின் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். அதனால் கவனம் சிதறி இரண்டாவது முறை பவுடர் இட்டாலும் கூடு வழியாது. பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். சுட்டால், சுழல்துப்பாக்கியில் தோட்டாக்கள் இருக்கும் உருளை பிளக்கும். இதைத் தடுக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். துளைகள் கொண்ட மரப்பலகையில் கூடுகளை வரிசையாக நிறுத்துங்கள். பவுடர் இட்டு முடித்ததும், ஒரு குண்டைக்கூட வைப்பதற்கு முன், கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் பவுடர் மட்டத்தைப் பக்கத்துக் கூட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயர்ந்து தெரிந்தாலும் தாழ்ந்து தெரிந்தாலும் அந்தக் கூட்டைக் கொட்டி மீண்டும் எடைபோட்டு இடுங்கள். கூட்டின் உள்ளளவில் பாதிக்கு மேல் அடைக்கும் பருமனான பவுடரைத் தேர்ந்தால் இரட்டை அளவு தானாகவே வழிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், புதியவருக்கு அதுவே ஏற்றது.

பவுடர் அளவை இங்கே எவரிடமும் கேட்காதீர்கள். எவரேனும் சொன்னாலும் நம்பாதீர்கள். ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற பவுடர் நிறுவனங்கள் தம் தளங்களில் இந்த அளவுகளை விலையின்றி வெளியிடுகின்றன. அதே குண்டு, அதே எடை, அதே பவுடர் என்று எல்லாம் பொருந்தும் வரியைக் கண்டுபிடித்து, அங்கே கொடுத்துள்ள தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கருவியுடன் வரும் கரண்டி கன அளவைத்தான் காட்டும், எடையை அன்று. அள்ளும் விதத்துக்கேற்ப அது மாறும் என்பதால் தராசில் சரிபார்த்தே தீர வேண்டும்.

பிரைமரை அமர்த்தியபின் ஒவ்வொரு கூட்டின் அடியையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிரைமர் அடிமட்டத்தோடு சமமாகவோ மயிரிழை உள்வாங்கியோ இருக்க வேண்டும். மேடு தட்டினால் சுழல்துப்பாக்கியின் உருளை சுற்றாமல் முட்டும். அதேபோல் சுடும்போது ஒரு தோட்டா வழக்கமான ஓசையின்றி மந்தமாகக் கேட்டால், அங்கேயே நிறுத்தித் துப்பாக்கியைக் காலிசெய்து, குழாயினுள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்கும் வரை அடுத்ததைச் சுடக் கூடாது. பவுடர் இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தாலே குண்டு பாதிக் குழாயில் போய் நின்றுவிடும். அதன் பின்னால் இன்னொன்று போனால் குழாய் புடைக்கும் அல்லது வெடிக்கும்.

பணம் மிச்சமாகுமா என்றால், ஆகும், ஆனால் மெதுவாக. முழுத் தோட்டாவில் பித்தளைக் கூடே விலை மிகுந்த பகுதி, அதை அத்தான் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறார். ஹேண்ட் பிரஸ்ஸில் ஒரு மாலை முழுவதும் அமர்ந்தாலும் ஓரிரு பெட்டிகள் நிரம்பினால் அதிகம். மாதத்துக்கு ஒருமுறை சுடுபவருக்கு அது போதும். அந்த மெதுவான வேகத்தில் ஒவ்வொரு தோட்டாவும் தனித்தனியே கண்ணில் படுவதால், கற்பவருக்கு அது குறையன்று என்றே கருதுகிறேன்.

ஆய்வகப் பணியாளர்

இதைப் படித்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துப்பாக்கியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஈயச் சேர்மங்களைப் பற்றித் தெரியும். பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் கருந்தூளில் அதன் எச்சம் இருக்கும். பழைய பிரைமரைத் தள்ளும்போதும் கூடுகளைச் சுத்தம் செய்யும்போதும் அது தூசியாகப் பறக்கும். குழந்தைகளின் உடலில் ஈயம் சேர்வதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை. உங்கள் அக்கா வீட்டில் தவழும் பிள்ளை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமையலறை மேசையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. உண்ணும் இடத்திலிருந்து விலகி, கம்பளம் இல்லாத தரையில், செய்தித்தாள் விரித்துச் செய்யுங்கள்; முடித்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்; சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே தண்ணீர்க் குவளையைத் தொடுங்கள். அந்த உடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் வீடுகளில் எந்தப் பொருளையும் பழைய மைலோ டின்னிலோ ஊறுகாய்ப் போத்தலிலோ போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. பிரைமர்களை அப்படிக் கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்கும்போது உடன் கிடக்கும் அத்தனையும் சேர்ந்தே வெடிக்கும். அவை வந்த தட்டிலேயே, ஒன்றையொன்று தொடாதபடி இருக்க வேண்டும். பவுடரும் அதன் மூலக் கொள்கலனிலேயே, பெயர்ச்சீட்டோடு இருக்கட்டும். பெயரில்லாத பவுடரை எவரும் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது.

யீசூன் வாசகர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விசா விதி எனக்கு முற்றிலும் புதிய செய்தி, அத்தானுக்கும் தெரியவில்லை. வழக்கறிஞரிடம் கேட்கும் வரை கூடுகள் இருக்கும் அலமாரியின் சாவி அவரிடம் மட்டுமே இருக்கும் என்று பேசி முடித்துவிட்டோம். அக்காவுக்கு இரண்டு வயது மகன் இருக்கிறான். எனவே சமையலறைக்குப் பதிலாக, அத்தானின் நண்பர் ஒருவருடைய கார்க் கொட்டகையைப் பயன்படுத்தப் போகிறார்கள். எளிதில் எடுத்துச் செல்லும் கருவி என்பதால் அது வசதியாகவும் இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு ஐயம். தராசு முக்கியம் என்று சொன்னீர்கள். சிராங்கூன் சாலைப் பக்கக் கடைகளில் நகை நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, மலிவாகக் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி அத்தானுக்குப் பரிசாகக் கொண்டுபோகலாமா?

தங்கப் பட்டறைக்காரர்

தம்பி, தராசு என் அன்றாடத் தொழில் என்பதால் இதற்கு மட்டும் விடை தருகிறேன். தோட்டா நிரப்புவோர் பயன்படுத்தும் கிரெய்ன் என்ற அளவில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.43 கிரெய்ன். நம் கணக்கில் 8 கிராம் கொண்ட ஒரு பவுன் சுமார் 123 கிரெய்ன் ஆகிறது. நீங்கள் சொல்லும் தராசு காட்டும் மிகச் சிறிய படி 0.01 கிராம், அதாவது 0.15 கிரெய்ன். மலிவுத் தராசுகள் ஒன்றிரண்டு படி முன்பின் காட்டுவது வழக்கம் என்பதால் 0.3 கிரெய்ன் வரை பிழை வரலாம். நகைக்கு அது பொருட்டன்று. ஆனால் நிறுக்கப் போவதே 4 கிரெய்ன் போன்ற சிறு அளவாக இருந்தால் அந்தப் பிழை நூற்றில் ஏழெட்டுப் பங்கு. மேலே சொன்ன தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் உள்ள இடைவெளி பல நேரங்களில் நூற்றில் பத்துப் பங்குதான் என்று பவுடர் நிறுவன அட்டவணை ஒன்றில் பார்த்தேன். அப்படியானால் இந்தத் தராசு அந்த வேலைக்கு உதவாது.

0.001 கிராம் வரை காட்டும் தராசு, அல்லது 0.1 கிரெய்ன் வரை பிரித்துக் காட்டும், தண்டின் மேல் எடையை நகர்த்தி நிறுக்கும் வகைத் தராசு வேண்டும். எதை வாங்கினாலும் சோதனை எடைக்கல் கட்டாயம். தராசோடு வரும் 50 கிராம் கல் இதற்குப் போதாது. நிறுக்கப் போகும் அளவுக்கு அருகில், அரை கிராம் போன்ற சிறு கல்லாக இருக்க வேண்டும். மின்விசிறியும் குளிரூட்டியும் நிறுத்தி, தராசை இயக்கிச் சற்று நேரம் விட்டு, கல்லை வைத்துப் பார்த்த பிறகே நிறுக்கத் தொடங்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து முறைக்கு ஒருமுறை மீண்டும் கல்லை வைத்துப் பார்க்கட்டும். கல்லைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும், ஏனெனில் விரலின் எண்ணெய்ப் பசையே அந்த அளவில் எடையாக ஏறும்.

பரிசு கொடுக்க விரும்பினால் தராசை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். இங்கிருந்து நல்ல எடைக்கல் தொகுப்பு ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். 1 மில்லிகிராமிலிருந்து தொடங்கும் தொகுப்பாகக் கேளுங்கள், இடுக்கியும் சேர்ந்தே வரும்.